மிகுபுனைவில் எதுவும் நடக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை ஒன்றில், மந்திரமும் மாய உலகங்களும் வரும் மிகுபுனைவுத் தொடர் நாவல்களைப் பற்றி இரண்டு கருத்துகள் போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்தன. இத்தகைய நாவல்களில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால் அவற்றை எழுதுவது எளிது என்பது முதலாவது. பதிப்பகத்தின் துணையின்றித் தாமே வெளியிடுபவர்கள், கேட்பாரும் மேய்ப்பாரும் இல்லாததால் மனம் போன போக்கில் எழுதித் தள்ளுகிறார்கள் என்பது இரண்டாவது. நான்கு பாகங்கள் கொண்ட மிகுபுனைவுத் தொடர் ஒன்றை எழுதிச் சொந்தமாக வெளியிட்டுவரும் எழுத்தாளர் என்ற முறையில் இவ்விரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு வகையில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: இந்த வகை எழுத்தில் எது நடக்கும் என்று யோசிப்பதைவிட எது நடக்கக்கூடாது என்று முடிவுசெய்வதில்தான் பெரும்பகுதி உழைப்பு செலவாகிறது, அந்த முடிவைக் கடைசிப் பாகம் வரை காவல் காப்பதற்குத் தனித்து வெளியிடுபவருக்குத் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

நம் இலக்கியத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியை அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்ற அளவில் எல்லோரும் அறிவோம். அதன் முந்தைய கதையைச் சாத்தனார் சொல்லியிருக்கும் விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாடே வறண்டாலும் இந்த ஓடு வறளாது, வாங்குகிறவர்களின் கைதான் சலிக்கும் என்ற உறுதியோடு கலைத்தெய்வமான சிந்தாதேவி அதை, பிச்சையேற்றுப் பசித்தவர்களுக்கு உணவளித்துவந்த ஆபுத்திரனிடம் கொடுக்கிறாள். வரம் தர வந்த இந்திரனை ஆபுத்திரன் எள்ளி நகைக்கிறான். சினம் கொண்ட இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை; பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றிக் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைப் பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர்கள் இல்லாமல் போகிறார்கள், அமுதசுரபிக்கு வேலையில்லை. பஞ்சம் நிலவும் சாவக நாட்டைத் தேடிக் கப்பலேறும் ஆபுத்திரன், வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியாக விடப்படுகிறான். மன்னுயிர்களைக் காக்க வேண்டிய பாத்திரத்தைத் தன் ஒருவன் உயிரைக் காக்கப் பயன்படுத்த அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பட வேண்டும் என்று சொல்லி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கிறான். வற்றாத உணவுக் கலத்தின் சொந்தக்காரன் பட்டினியால் இறக்கிறான்! பாத்திரம் எதையும் செய்யும் என்று சாத்தனார் விட்டிருந்தால் இந்தக் காட்சி பிறந்திருக்காது. கலத்துக்கு ஒரு வரம்பு, அதை வைத்திருப்பவனுக்கு ஓர் அறம், இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. கதை அங்கிருந்து எழுகிறது.

மந்திரத்தின் ஆற்றலைவிட அதன் வரம்பே சுவையானது என்பதை இன்றைய அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளரான பிராண்டன் சாண்டர்சன் ஒரு விதியாகவே வகுத்து எழுதியிருக்கிறார். இளம் எழுத்தாளர்கள் அதைப் புதிய கண்டுபிடிப்பைப் போல ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். பகிரட்டும், நல்ல விதிதான். ஆனால் அதைக் கற்க அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்பதற்காகவே ஆபுத்திரன் கதையைச் சற்று விரிவாகச் சொன்னேன்.

என் தொடருக்கான தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சில் பெயர்ச்சொற்கள் மட்டும் நழுவிப்போன உறவினர் ஒருவருடன் சில காலம் இருக்க நேர்ந்தது. அறிவு தெளிவாக இருந்தது, பிறர் சொல்வதெல்லாம் புரிந்தது, இலக்கணமும் பிசகவில்லை. பொருளின் பெயர் மட்டும் நாக்குக்கு வராது. மூக்குக் கண்ணாடி வேண்டுமென்றால், "அது, பார்க்கிறதுக்கு, காதுல மாட்டுறது" என்பார். பேரனை அழைக்க வேண்டுமென்றால் "அவன் பெரியவனுக்குச் சின்னவன்" என்பார். இது மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு நிலைதான். என்னை அசைத்தது நோய் அன்று. ஒரு சொல் போன இடத்தைச் சுற்றி அவர் மற்ற சொற்களால் கட்டிய பாதைகள். ஏறத்தாழ அதே காலத்தில், முற்றிலும் வேறு வேலைக்காக நிகண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பொருளுக்கு வரிசை வரிசையாகப் பெயர்களை அடுக்கிச் செல்லும் அந்தச் சூத்திரங்களைப் படிக்கும்போது, சொற்களை இழந்துகொண்டே போகும் ஒருவருக்கு இந்த நூல் எத்தனை பெரிய சொத்தாக இருக்கும் என்று தோன்றியது. அத்துடன் தூண்டுதல் என்ற கட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது வேலை.

அந்த எண்ணம் விதியாக இறுகியபோது அதன் வடிவம் இதுதான்: என் நாவல் உலகில் ஒருவர் ஒரு சொல்லை மந்திரமாக உச்சரித்தால் அந்தச் சொல் குறிக்கும் பொருள் அவர் ஏவியபடி இயங்கும், அதன் பிறகு அந்தச் சொல் அவருக்கு வாழ்நாள் முழுவதும் கிடையாது. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. பிறர் சொன்னால் புரியும், அவ்வளவே. இரண்டு வரியில் அடங்கும் இந்த விதி முழுதாக உருப்பெறக் கேட்க வேண்டியிருந்த கேள்விகள் பல பக்கங்களுக்கு நீண்டன. "நீர்" என்ற சொல்லைச் செலவழித்துவிட்டவருக்குக் "கண்ணீர்" என்ற சொல் மிஞ்சுமா? வேற்றுமை உருபு ஏற்ற வடிவங்களும் சேர்ந்து போய்விடுமா? இன்னொரு மொழியில் அதே பொருளைத் தரும் சொல் அவருக்குப் பயன்படுமா? கூட்டுச்சொற்களும் சேர்ந்து போகும் என்று வைத்தால், நம்முடையது போன்ற மொழியில் மந்திரவாதி ஒரே நாளில் ஊமையாகிவிடுவார். ஆகவே உருபேற்ற வடிவங்கள் போகும், கூட்டுச்சொற்கள் தங்கும், வேற்றுமொழிச் சொல் முழுமையாகப் பயன்படும் என்று முடிவு செய்தேன். மூன்றாவது முடிவுதான் தொடரின் போர்கள் எல்லாவற்றுக்கும் காரணமாக அமைந்தது. அண்டை நாட்டின் மொழி, படையெடுத்துப் பிடிக்கத்தக்க செல்வமாகிவிட்டது.

இப்படி ஒரு விதி நிலைபெற்றதும், அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு நட்டம் என்று கேட்டுக்கொண்டே போனால் சமூகம் தானாக உருவாகத் தொடங்குகிறது. அந்த நாட்டில் நிகண்டுகள் படைக்கலக் கொட்டிலில் பூட்டிவைக்கப்படுகின்றன. அனாதைக் குழந்தைகளை விலைக்கு வாங்கும் பிரபுக்கள், அவர்களுக்கு வழக்கொழிந்த சொற்களை மனப்பாடம் செய்வித்து, பின்னர் அவர்கள் வாயால் அவற்றைச் செலவழிக்கிறார்கள். வேறெங்கும் வழங்காத சொற்களைத் தேடி மலைவாழ் மக்களிடம் அலையும் சொல்வணிகர்கள், கதையின் முதல் இரு பாகங்களில் நல்லவர்களாகத் தோன்றுகிறார்கள். தன் மகளைக் காப்பாற்ற அவள் பெயரையே மந்திரமாக்கிவிட்ட தாய் ஒருத்தி இருக்கிறாள். காப்பாற்றப்பட்ட மகளை அவளால் அதன் பிறகு பெயர் சொல்லி அழைக்க முடியாது. இப்பாத்திரங்களில் ஒருவரையும் நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை. விதியை நேர்மையாகப் பின்தொடர்ந்த இடங்களில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

வரைபடத்திலிருந்து தொடங்குபவர்களும் உண்டு. மொழிகளைப் படைத்து, அம்மொழிகளைப் பேச ஓர் உலகம் வேண்டுமே என்று கதைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீனைப் போன்றவர்களும் உண்டு. எனக்கு வரைபடம் கடைசியில் வந்தது. அதுவும் ஒரு பாத்திரம் மலையிலிருந்து துறைமுகத்துக்கு எத்தனை நாளில் போய்ச் சேரலாம் என்று சரிபார்ப்பதற்கு மட்டும். பெயர் சூட்டுவதில் சற்றுக் கூடுதலாக மெனக்கெட்டேன். ஆற்றுச் சமவெளி மக்களின் பெயர்கள் மெல்லினத்தில் முடியும், மலைநாட்டார் பெயர்கள் உயிர்மெய்யில் முடியும் என்பது போன்ற ஓர் ஒழுங்கு இருந்தால், இவர் எந்த நாட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லத் தேவையில்லை. வாசகரின் செவி பிடித்துக்கொள்ளும்.

எழுத்துமுறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், என் மேசையில் நாவல் பிரதியைவிட அதிகம் தேய்ந்துபோனது சொற்கணக்கு ஏடுதான். எந்தப் பாத்திரம், எந்தப் பாகத்தில், எந்த அத்தியாயத்தில், எந்தச் சொல்லை இழந்தது என்ற பதிவு அது. முதல் பாகத்தில் ஒரு கிழவர் "மரம்" என்ற சொல்லை இழந்துவிட்டால், நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கம் வரை அவர் உரையாடலில் அந்தச் சொல் வரக்கூடாது. கணினியில் தேடிப் பார்த்துவிட்டால் ஆயிற்று என்று பிறர் நினைக்கக்கூடும். "மரம்" என்று தேடினால் "மரத்தை", "மரத்தில்", "மரங்கள்" எதுவும் அகப்படாது. "தண்ணீர்" என்று தேடினால் "தண்ணீரை" தப்பித்துவிடும். புள்ளி வைத்த மெய்யும் உயிரேறிய மெய்யும் கணினிக்கு வேறு வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் திரிபுகளை எழுதிவைத்துக்கொண்டு தனித்தனியாகத் தேட வேண்டும், அதற்கு மேலும் ஒருமுறை கண்ணால் படிக்க வேண்டும். இவ்வளவும் வாசகர் கவனிக்காமலே கடந்துபோகக்கூடிய ஒன்றுக்காக. ஆனால் ஒரே ஒரு வாசகர் கவனித்துவிட்டால், அந்தக் கிழவரின் இழப்பு முழுவதும் அவருக்குப் பொய்யாகிவிடும். எதுவும் நடக்கலாம் என்ற கூற்றை இந்த ஏட்டின் முன்னால் வைத்துப் பார்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தொடர் என்ற வடிவம் இந்தச் சிக்கலைப் பல மடங்காக்குகிறது. தனி நாவல் எழுதுபவர் இறுதி அத்தியாயத்தில் தோன்றிய எண்ணத்துக்கு இடம் கொடுக்க முதல் அத்தியாயத்தை மாற்றிக்கொள்ளலாம். தொடரில், முதல் பாகம் வெளியானதும் அது வாசகரின் உடைமையாகிவிடுகிறது. டோல்கீனுக்கே இது நேர்ந்தது. 1937இல் வெளியான அவருடைய "தி ஹாபிட்" நூலில் ஒரு மோதிரம் சாதாரண மாயப்பொருளாக வந்துபோகிறது. பின்னர் எழுதிய பெருங்கதையில் அதே மோதிரம் உலகையே அடிமைப்படுத்தவல்லதாக வளர்ந்துவிட்டதால், பழைய நூலில் அந்த மோதிரத்தைப் பந்தயப் பரிசாகக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் பாத்திரத்தின் நடத்தை பொருந்தாமல் போயிற்று. 1951இல் வந்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை அவர் மாற்றி எழுதினார். முந்தைய வடிவம் ஒரு பாத்திரம் சொன்ன பொய் என்ற விளக்கத்தையும் கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார். அந்தச் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது. அதனால்தான் நான்கு பாகங்களின் முதல் வரைவையும் முடித்த பிறகே முதல் பாகத்தை வெளியிட்டேன். முதல் பாகம் விற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எழுது என்பதுதான் சந்தை தெரிந்தவர்கள் கூறும் அறிவுரை. வணிகக் கணக்குப்படி அது சரியாகவும் இருக்கலாம். வாசகர் ஒருவர் முடிவை நம்பித்தான் தொடரின் முதல் பாகத்தை வாங்குகிறார் என்பதால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. பாதியில் கைவிடப்பட்ட தொடர்கள் மிகுபுனைவில்தான் அதிகம் என்ற பேச்சு வாசகர்களிடையே உண்டு. அந்தப் பேச்சுக்கு இன்னொரு சான்றாக நான் சேர விரும்பவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2007இல் கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவியும் அதையொட்டிச் சொந்தமாக நூல் வெளியிடும் ஏற்பாடும் வந்த பிறகு, கையெழுத்துப் பிரதிக்கும் வாசகருக்கும் இடையில் இருந்த கதவுகள் பல திறந்துகொண்டன என்பது உண்மை. தேவைக்கேற்ப அச்சிடும் முறையால், வீட்டில் புத்தகக் கட்டுகளை அடுக்கிவைக்கும் நிலையும் போய்விட்டது. திறந்த கதவு வழியாகத் திருத்தப்படாத நூல்கள் நிறைய வருகின்றன என்பதையும் மறுக்க மாட்டேன்; ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் தெரியாத நூல்களைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு நொந்துகொண்ட வாசகன்தான் நானும். ஆனால் தனித்து வெளியிடுவது என்றால் எல்லா வேலையையும் ஒருவரே செய்வது என்று பொருளில்லை. எல்லா வேலைக்கும் ஒருவரே பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். என் நூல்களுக்குச் செம்மையாக்குநர் ஒருவர் இருக்கிறார். ஊதியம் பெற்றுக்கொண்டு என்னுடன் சண்டை போடுகிறவர். அந்த உலகின் பழைய அரச வம்சங்களை விவரித்த ஓர் அத்தியாயம் முழுவதையும், இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள் மட்டும்தான் என்ற ஒரு வரிக் குறிப்போடு அவர் அடித்துவிட்டார். அந்த அத்தியாயம் நூலில் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் வேறொருவர், அட்டைப்பட ஓவியர் இன்னொருவர்.

வெளியீட்டுக்கு முன் பிரதியைப் படிக்கும் முதல் வாசகர்களையும் சொல்ல வேண்டும். மிகுபுனைவிலேயே ஊறியவர்களும், அந்த வகையை எடுத்தாலே கொட்டாவி விடுகிறவர்களும் அதில் கலந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பிடித்திருந்ததா என்று அவர்களிடம் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் பிடித்திருந்தது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், மறுபடி எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கிறேன். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கீழே வைத்திருந்தால் பழுது அந்தப் பக்கத்தில் இருக்காது; பெரும்பாலும் அதற்குச் சில பக்கங்கள் முன்னால் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை, புதிதாக எழுத வருபவர்களுக்காக. அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் பவோலினியின் "எரகான்" என்ற மிகுபுனைவு நாவலை 2002இல் அவர் குடும்பத்தினரே வெளியிட்டதையும், மறு ஆண்டே பெரிய பதிப்பகம் ஒன்று அதை எடுத்துக்கொண்டதையும் எல்லோரும் சொல்வார்கள். சாண்டர்சன் 2022இல் தம் நான்கு நாவல்களுக்காக வாசகர்களிடமே நிதி திரட்டியபோது 4 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்ததையும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. அந்த 2022ஆம் ஆண்டுக்கு முன்பே, பதிப்பகங்களின் வழியாகப் பல ஆண்டுகள் எழுதி உலகெங்கும் வாசகர்களைச் சேர்த்துவைத்திருந்தவர் சாண்டர்சன் என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிடுவார்கள். தனித்து வெளியிடுபவர்களில் பெரும்பாலானோருக்கு எழுத்து பகுதிநேர வேலையாகவே இருக்கிறது, எனக்கும் அப்படித்தான்.

மின்னூல் வந்ததால் ஒரு புதிய சபலமும் வந்திருக்கிறது. வெளியான பிறகும் கோப்பை மாற்றிப் பதிவேற்றிவிடலாம். எழுத்துப்பிழை திருத்தத்துக்கு இது பெரிய வசதி. கதையை மாற்றுவதற்கும் இதே வசதி பயன்படும் என்பதுதான் ஆபத்து. ஒரே பெயரில் ஒரே நூலைப் படித்த இருவர், இரண்டு வேறு கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நிலை வந்துவிடும். பிழை திருத்தம் மட்டுமே செய்வது, நிகழ்ச்சிகளைத் தொடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். இதைக் கண்காணிக்க யாரும் இல்லை. கட்டுரையாளர் இதையே குறையாகச் சொல்கிறார்; கண்காணிப்பார் இல்லாத இடத்தில் கட்டுப்பாட்டைத் தானே விதித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியில் பதிப்பகப் பெயர் உள்ள நூல்களே இடம்பெறுகின்றன. வந்து குவியும் நூல்களிலிருந்து தேர்ந்தெடுக்க ஏதாவது ஓர் அளவுகோல் தேவை என்பது புரிகிறது. அப்படியானால் பதிப்பகப் பெயருக்குப் பதிலாக முதல் பத்துப் பக்கங்களை அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஒற்றுப்பிழையும் உரையாடல் பிசகும் அங்கேயே தெரிந்துவிடும். அத்தகைய நூல்களைத் தயக்கமின்றி ஒதுக்குங்கள். தாண்டி வருபவற்றைக் கடுமையாகவே மதிப்பிடுங்கள். மிகுபுனைவுத் தொடராக இருந்தால், தூண்டுதல் எங்கிருந்து கிடைத்தது என்பதை மதிப்புரையாளர் ஆராய வேண்டியதில்லை. அந்த உலகின் விதி என்ன, அதை ஆசிரியர் எந்தப் பக்கத்தில் மீறியிருக்கிறார் என்று பக்க எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். என் தொடரின் இறுதிப் பாகம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதையும் அந்தக் கண்ணோடு படிக்க முன்வரும் மதிப்புரையாளர் தங்களிடம் இருந்தால், நான்கு பாகங்களோடு சொற்கணக்கு ஏட்டின் படியையும் சேர்த்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
மிகுபுனைவு நாவலாசிரியர்